பாதி மீசை

வாயுக்கவசம் முகத்தோடு ஒட்ட வேண்டுமென்றால்
தாடி இருக்கக் கூடாதாம்.
ஜனவரி முழுக்க ஹஃபர் அல் பாத்தின் சந்தைத் தெருவில்
என் ஒற்றை நாற்காலிக்கு வரிசை நின்றது.
எகிப்துக்காரன், சிரியாக்காரன், மொராக்கோக்காரன்,
தலைக்கு ஐந்து ரியால்.
முதலாளி ரியாத்துக்கு ஓடியிருந்தார்
என் பாஸ்போர்ட்டோடு,
சாவியை மட்டும் விட்டுவிட்டு.

பிப்ரவரிக் கடைசியில்
அதே முகங்கள் ஆம்புலன்ஸில் வந்தன.
பெயர் தெரியாது, கன்னம் தெரியும்:
இடது தாடையில் சுழி உள்ளவன்,
தொண்டைமுடிச்சில் மச்சம் உள்ளவன்.

"ஆஸ்பத்திரியில கை பத்தலையாம்" என்று வந்தான்
பிக்கப் ஓட்டும் லெப்பைத்தம்பி.
"தூக்கணும், தொடைக்கணும். சம்பளம் கெடையாது."
போனோம். நான், அவன், ரொட்டிக்கடை வங்காளிகள் இருவர்,
பள்ளிக்கூடம் பூட்டியதால் சும்மா இருந்த
சூடான் கணக்கு வாத்தியார்.

பேர் எழுதிக்கொண்டது சிஸ்டர் ஞானசெல்வம். நாசரேத்துக்காரி.
"என்ன வேல பாக்கீங்க?"
"சலூன்."
பேனா கொஞ்சம் நின்றது.
ஊர்க்காரிக்கு ஊர் தெரியும்.
எங்கள் சாதிச் சான்றிதழில் மருத்துவர் என்றுதான் இருக்கிறது.
அந்தப் பெயர் சொல்லி எங்களை யாரும் கூப்பிட்டதில்லை.
என்னவோ எழுதினாள்.
கழுத்தில் மாட்டிய அட்டையில் அரபியில் ஒரு சொல்.
எனக்கு அரபி பேசத்தான் வரும்.

காயத்துக்கு ஒரு விரல் தள்ளி மழிக்க வேண்டும்.
கருகிய தோலில் நுரை நிற்காது,
வழிந்துவிடும்.
எண்ணெய்ப் புகையில் சூரியன் செத்து
பகல் பதினொரு மணிக்கே விளக்கு போட்டிருந்தார்கள்.

நாலாம் வார்டில் கடைசிக் கட்டில்.
பக்கத்தில் துப்பாக்கியோடு காவல்.
ஈராக்குப் பையன், மிக்தாத். பத்தொன்பது என்றது சீட்டு,
முகம் அதை ஒத்துக்கொள்ளவில்லை.
தாடையில் சில்லு. தையல் போடுமுன் மழிக்க வேண்டும்.
கத்தியை விரித்தேன்.
சுவரோடு ஒட்டிக்கொண்டான்.
என்னைப் பார்க்கவில்லை, கத்தியையும் பார்க்கவில்லை,
எனக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தான்.
கத்தவில்லை. மூத்திரம் போய்விட்டது.
லெப்பைத்தம்பி துணி கொண்டுவந்து துடைத்தான்
பிக்கப் கண்ணாடியைத் துடைப்பதுபோல.

என் அரபி முழுக்கக் கடை அரபி:
குட்டையா, நீளமா, எவ்வளவு, இன்ஷா அல்லா.
இதில் எதைச் சொல்லி நம்பவைக்க?

ஊரில் சீட்டாடும்போது சவால் விடுவோம்,
"தோத்தா பாதி மீசைய எடுத்துக்கறேன்டா" என்று.
எடுத்தவனை நான் பார்த்ததில்லை.

ஸ்டீல் தட்டைக் கண்ணாடியாக நிறுத்தி
அவன் எதிரே உட்கார்ந்து
நுரை தடவி
என் வலப்பக்க மீசையை எடுத்தேன்.
கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வைத்திருந்தது.
காவல்காரன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு
எட்டிப் பார்த்தான்.

முதலில் மிக்தாதின் மூக்கு விடைத்தது.
அப்புறம் தோள் குலுங்கியது.
சில்லு குத்தியிருக்கும், ஆவென்று தாடையைப் பிடித்தான்,
பிடித்துக்கொண்டே சிரித்தான்.
பிறகு அந்தத் தாடையை
என் கையில் வைத்தான்.

மற்றப் பாதியை எடுக்க நேரமில்லை.
ஹெலிகாப்டர் இறங்கியது. விடியவிடியத் தூக்கினோம்.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடி.
இகாமாவை வாங்கிய சிப்பாய்
போட்டோவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
டார்ச் அடித்து மறுபடி பார்த்தான்.
"இதில் எது நீ?"
லெப்பைத்தம்பி ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான்.
கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.
படித்தான்.
டார்ச்சை அணைத்தான். போ என்றான்.

லெப்பைத்தம்பி ஓதப் படித்தவன்.
அதில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியும்.
கடை வரைக்கும் பதினாறு கிலோமீட்டர்.
நான் கேட்கவில்லை.